மூணு மிதி

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். யார் வண்டி ஓட்டினாலும் பிரேக்கை மிதிப்பவன் நான்தான். ஆட்டோவில் பின்சீட்டிலிருந்து மிதிக்கிறேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மிதிக்கிறேன். பல் டாக்டர் கருவியோடு குனிந்து வரும்போதுகூட என் வலது கால் தானாக ஒருமுறை அழுந்துகிறது. போன வாரம் மகள் புதுக்கார் வாங்கி, என்னைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு மேம்பாலத்தில் இறங்கினாள். அடிவாரம் வருவதற்குள் என் செருப்பு வார் அறுந்துவிட்டது.

"எப்பா, அங்கன பிரேக் கெடையாது. சும்மா இருங்க," என்றாள்.

கிடையாது என்று எனக்குத் தெரியாதா? பிரேக் இருக்க வேண்டிய இடத்திலேயே அது இல்லாமல் போன ஒரு நாள் உண்டு. அவளும் அன்றைக்கு அந்தக் காரில்தான் இருந்தாள். கைக்குழந்தை. பின்சீட்டில் அவள் அம்மா மடியில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு அவள் இன்று ஸ்டியரிங் பிடித்திருப்பதே சாட்சி. ஆனாலும் அன்று நான் பட்ட பயம் இன்னும் இந்தக் காலில்தான் குடியிருக்கிறது.

வழியில் ஒரு மெக்கானிக் கடை வாசலில் யாரோ பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து வைத்திருந்தார்கள். அந்த வாசனை உங்களுக்குத் தெரியுமா? இருமல் மருந்தை இரும்புக் கரண்டியில் காய்ச்சின மாதிரி இருக்கும். மற்றவர்களுக்கு மல்லிகைப்பூ எப்படியோ, எனக்கு இது அப்படி. முகர்ந்த மாத்திரத்தில் பாளையங்கோட்டை வீட்டு முற்றமும், கல்லின் மேல் ஏற்றி நிறுத்திய பழைய காரும், அதன் அடியிலிருந்து நீண்டிருக்கும் என் சிநேகிதன் மைதீனின் இரண்டு கால்களும் வந்துவிடும்.

கார் என் மாமனாருடையது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஞாயிறு ஆராதனைக்கு வண்டி பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதற்காகச் சனிக்கிழமைதோறும் அதை ஆற்றில் இறக்கிவிடுவார். சக்கரம் பாதி முங்கத் தாமிரபரணியில் நிறுத்தி, கயிற்று நாரால் தேய்த்துக் குளிப்பாட்டுவார். எங்கள் சபையில் குழந்தைகளுக்குத் தலையில் நீர் தெளித்துத்தான் ஞானஸ்நானம். முழுக்கு ஞானஸ்நானம் அந்தக் காருக்கு மட்டும்தான் கிடைத்தது, அதுவும் வாராவாரம். அதன் பலனாக முன்சக்கரங்களின் காலிப்பர் இரண்டும் துருவேறி இறுகிப்போயின. காலிப்பர் என்பது சுழலும் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற இரும்புக் கிடுக்கி. மாமனார் வண்டியை எனக்குக் கொடுத்தபோது அது கவ்வினால் விடவில்லை, விட்டால் கவ்வவில்லை. சில உறவினர்களை நினைவுபடுத்தியது.

"நாங்களே சரி பண்ணிருதோம் மாமா," என்றேன். 'நாங்கள்' என்றது என்னையும் மைதீனையும். மேலப்பாளையத்துக்காரன், பள்ளிக்கூடத்துச் சிநேகிதன், அப்போதுதான் வளைகுடாவிலிருந்து திரும்பியிருந்தான். அங்கே அவன் வேலை பார்த்தது டயர்க் கடையில். டயருக்குப் பக்கத்தில்தானே பிரேக் இருக்கிறது என்பது எங்கள் தைரியம். என் பங்குக்கு நான் புத்தகம் படித்திருந்தேன்.

கழற்றுவது சுலபமாகத்தான் இருந்தது. இடது எது, வலது எது என்று மாறிப்போகக் கூடாதே என்று, கழற்றிய காலிப்பர்களின் மேல் சாக்பீஸால் 'இ' என்றும் 'வ' என்றும் எழுதினேன். ஆசிரியர் வீட்டு மாப்பிள்ளை அல்லவா. உள்ளே சிக்கியிருந்த பிஸ்டனைக் கால்பம்பால் காற்றடித்து வெளியேற்றினோம். அது வெடிபோலப் பாய்ந்து வாளியில் விழுந்ததில், சமையலறையிலிருந்த கிரேஸ், அதாவது என் மனைவி, குழந்தையோடு வெளியே ஓடி வந்தாள்.

"உயிரோட இருக்கியளா ரெண்டு பேரும்?"

"இருக்கோம் தங்கச்சி. கொஞ்சம் புளி தா," என்றான் மைதீன்.

துருவுக்குப் புளி. பித்தளை அண்டாவுக்கு நல்லதென்றால் காலிப்பருக்கு மட்டும் ஆகாதா? ஒரு உருண்டை புளியும் உப்பும் போட்டு, கிறிஸ்துமஸுக்குப் பாத்திரம் விளக்குகிற பக்தியோடு தேய்த்தோம். தேய்க்கத் தேய்க்க உள்ளிருந்து வெள்ளி மாதிரி இரும்பு வந்தது. பரவசமாக இருந்தது. பிஸ்டனை மெல்லிய உப்புத்தாளால் உரசி, புது ரப்பர் வளையம் போட்டு, பிரேக் ஆயிலில் நனைத்து உள்ளே அழுத்தினோம். 'இ'யும் 'வ'வும் புளித்தண்ணீரோடு சாக்கடைக்குப் போயிருந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தன. கைக்கு வந்ததை மாட்டினோம், பொருந்தியது.

பிறகு பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்ற வேண்டும். நான் உள்ளே உட்கார்ந்து மிதிக்க, அவன் கீழே படுத்துக் காலிப்பரிலுள்ள திருகைத் திறந்து மூடினான்.

"மிதியும் வே... பிடியும்... இப்பம் விடும்."

வெகுநேரம் மிதித்தும் பெடல் முதல் மிதியில் தரை வரைக்கும் போயிற்று. இரண்டாவதில் பாதி. மூன்றாவதில்தான் கெட்டியாக நின்றது.

"இது சரியா மைதீன்?"

"புது ரப்பரு வே. பைய செட்டாயிரும். அதுவரைக்கும் மூணு மிதி மிதிச்சுக்கிடும்."

மறுநாள் அம்பாசமுத்திரத்தில் கொழுந்தியாளுக்கு நிச்சயதார்த்தம். "நம்ம கார்லயே போயிருவோம், மாப்ள ஓட்டுவாக," என்று மாமனார் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டிருந்தார். பிரேக் சரியில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புறப்படும்முன் மாமனார் பயணத்துக்காக நீளமாக ஜெபித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு, பிரேக்குக்கென்று தனியாக ஒரு ஜெபம் செய்தேன்.

முன்னீர்ப்பள்ளம் வருவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. தூரத்தில் ஆடு தெரிந்தால் மூணு மிதி. ஆடே இல்லாவிட்டாலும் வரக்கூடும் என்று மூணு மிதி. பத்தமடையில் சைக்கிளில் பாய்க்கட்டு ஏற்றிப் போனவர் எங்களைத் தாண்டிப் போனார். பின்னால் குழந்தை தூக்கத்தில் முனகுகிற ஒவ்வொரு தடவையும் அதற்கும் ஒரு மூணு மிதி. மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து, மாப்பிள்ளை வீட்டார் எத்தனை ஏக்கர் நஞ்சை வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

சேரன்மகாதேவியைத் தாண்டியதும் சாலை சற்றே சரிந்து, ஒரு ரயில்வே கேட்டில் போய் முட்டும். சரிவில் நாங்கள் இருக்கும்போது கேட் இறங்கியது. ரயில் கூவியது. மிதித்தேன். கால் தரைக்குப் போயிற்று.

இங்கேதான் நண்பரே, புத்தகத்தில் இல்லாத ஒரு விஷயத்தை நான் கற்றுக்கொண்டேன். மறுபடி மிதிக்க வேண்டுமென்றால் முதலில் காலை எடுக்க வேண்டும். கால் வரமாட்டேன் என்றது. கேட் பெரிதாகிக்கொண்டே வருகிறது, பின்சீட்டில் குழந்தை, இந்த நேரத்தில் எந்தக் கால் பிரேக்கை விட்டு எழுந்து வரும்? கைப்பிரேக் என்று ஒன்று இருப்பது மறுநாள் குளிக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது. அப்போது எனக்குள் இருந்ததெல்லாம் ஓர் எண்ணம்தான்: கிரேஸிடமாவது பிரேக் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம்.

சாலையின் இடது பாதியில், வண்டிகள் ஏறி மிதித்து மணி உதிரட்டும் என்று உளுந்துச் செடியைக் காய்ந்த குவியலாகப் பரப்பியிருந்தார்கள். நான் திருப்பினேனா, கை தானாகத் திரும்பியதா, தெரியாது. கார் அதற்குள் இறங்கியது. சடசடவென்று செடி அடியில் நொறுங்கிச் சக்கரத்தைச் சுற்ற, வேகம் குறைந்தது. அந்தக் குலுக்கலில் கால் பெடலைவிட்டு நழுவியது. பிறகு மிதித்தேன், மிதித்தேன், பிடித்தது. கேட்டுக் கம்பி பானெட்டுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தது. ரயில் எங்கள் பல்லையெல்லாம் அதிரவைத்துக் கடந்து போனது.

முறத்தோடு ஒரு அம்மாள் ஓடி வந்தாள். திட்டப்போகிறாள் என்று கும்பிட்டேன்.

"நல்லா உதிருது அண்ணாச்சி! அப்படியே பின்னால எடுத்து இன்னொருக்க ஏத்துங்க!"

மிச்சத் தூரத்தை நடை வேகத்தில் கடந்தோம். தொலைபேசியில் கூப்பிட்டதும் மைதீன் பஸ் ஏறி அம்பாசமுத்திரத்துக்கு வந்து சக்கரத்தைக் கழற்றினான். "இடமும் வலமும் மாத்தி மாட்டிருக்கோம் வே," என்றான். மாறியதால் காற்று வெளியேறும் திருகு, மேலே இருக்க வேண்டியது, அடியில் கிடந்தது. காற்றோ மேலே குமிழாக உட்கார்ந்துகொண்டு, மிதிக்கிற மிதியையெல்லாம் பஞ்சுபோல வாங்கிக்கொண்டிருந்தது. "பேரெழுதுன ஆளு புளியில அழியாத மையால்ல எழுதிருக்கணும்?" என்றான். "புளி கேட்ட ஆளு யாரு வே?" என்றேன். மாற்றி மாட்டியதும் காற்று புஸ்ஸென்று போய், பெடல் கல்போல நின்றது.

அந்தக் கேட் இப்போது இல்லை, மேலே பாலம் வந்துவிட்டது. உளுந்தை இயந்திரத்தில் அடிக்கிறார்கள். சாலையில் எவ்வளவு வேகமாகப் போனாலும் தடுத்து நிறுத்த ஒரு செடி கிடையாது. ஆற்றில் காரை இறக்கினால் ஆள் வந்து விரட்டுகிறார். மைதீன் மறுபடியும் கடல் தாண்டிப் போய், பெருநாளைக்கு மட்டும் குரலாக வருகிறான். கார் பழைய இரும்புக்குப் போயிற்று. மாமனார் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்.

நிச்சயதார்த்தம் முடிந்து ஊர் திரும்பியபின் ஒரு மாலை, இந்தக் கதையைக் கைகால் ஆட்டி மாமனாருக்குச் சொன்னேன். காரில் பக்கத்தில்தான் இருந்தார், ஆனால் பெடல் தரைக்குப் போனது என் காலுக்கு மட்டும்தானே தெரியும். கேட், ரயில், தரைக்குப் போன பெடல் எல்லாவற்றையும் சொல்லி முடித்து, அவர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார் என்று காத்திருந்தேன். அவர் காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார்:

"அந்த வண்டியில பிரேக்க நம்பியா மாப்ள ஓட்டுனிய?"