மகள் மாறிச் சுற்றிய அரசமரம்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மழைக்காலத்தில், கண்டியில் ஓர் ஆஸ்பத்திரி வளவில் நடந்தது இது. நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பல்லேகலயில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டும் வேலை. நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படுவேன். அதனால் இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. சின்ன வயதில், பன்வில தேயிலைத் தோட்டத்தில் இருந்தபோது, என் தங்கை காய்ச்சலில் போய்விட்டாள். அவள் பிழைக்க வேண்டுமென்று அம்மா நேர்ந்துகொண்டு விரதம் இருந்தார். ஒருநாள் மறதியாகக் கருவாட்டுக் குழம்பை ருசி பார்த்துவிட்டாராம். அதனால்தான் பிள்ளை போனது என்று சாகும்வரை சொல்லி அழுதார். என் மகளுக்கு அப்படி ஒரு பாரம் வேண்டாம் என்று, வீட்டில் சாமி படமே மாட்டவில்லை. மனைவி மட்டும் அலுமாரிக்குள் ஒன்று வைத்திருந்தாள். "ஒங்கப்பாவுக்குப் பயந்து முருகன் சேலைக்குள்ள ஒளிஞ்சிருக்காரு" என்று மகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த மனைவிதான் மூளையில் இரத்தம் கசிந்து, நினைவில்லாமல் கிடந்தாள். மகளுக்கு ஒன்பது வயது. நோயாளிகளைப் பார்க்க உள்ளே விடும்வரை வளவில் நின்றோம். அங்கே ஓர் அரசமரம், அடியில் புத்தர் சிலை. ஆட்கள் குடத்தில் தண்ணீர் ஏந்தி, மரத்தைச் சுற்றி வந்து வேரில் ஊற்றுவார்கள். மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நானும் ஊத்தட்டா? ஏச மாட்டீங்கதானே?"

பிள்ளை சாமியிடம் கேட்பதற்கு முன் என்னிடம் கேட்கிறாள். "ஊத்தும்மா" என்றேன்.

மனைவிக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணின் தாய், ஒரு சிங்கள அம்மா, தன் குடத்தைக் கொடுத்தார். மகள் வலம் வராமல், மரம் தன் இடக்கைப் பக்கம் இருக்க நடக்கத் தொடங்கினாள். வீட்டில் யாராவது சொல்லித் தந்திருந்தால்தானே தெரியும்? அரைச் சுற்றுப் போனதும் அந்த அம்மா அவள் தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பினார்.

"அந்தப் பக்கம் இல்ல மகள், இந்தப் பக்கம்."

மகள் நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

மறுநாள் காலையில் மனைவி இறந்துவிட்டாள்.

சடங்கெல்லாம் சொந்தக்காரர்கள் செய்தார்கள். நான் தடுக்கவில்லை. எல்லோரும் போன பிறகு மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நான் மொதல்ல மாறிச் சுத்திட்டேன்ல. அதனாலயா?"

என் அம்மாவின் குரலைக் கேட்ட மாதிரி இருந்தது.

"இல்லம்மா. எந்தப் பக்கம் சுத்துனா என்ன? கோவிச்சுக்க அங்க யாருமே இல்ல."

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் திரும்பச் சொன்னேன். தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

இப்போதும் பஸ் அந்த ஆஸ்பத்திரி மதிலைத் தாண்டும்போது அவளுடைய விரல் மடியில் ஒரு வட்டம் போடும், சரியான பக்கமாக. நான் பார்க்காததுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். சாமியை வீட்டுக்குள் விடாமல் இருந்தால் என் பிள்ளைக்கு அந்தப் பாரம் வராது என்று நம்பியிருந்தேன். அந்த விரலைப் பார்க்கும்போதெல்லாம், நான் சாமியை ஒதுக்கி வைத்ததும், அம்மாவின் விரதத்தைப் போல, பிள்ளைக்காக வைத்த ஒரு நேர்த்திக்கடன்தானோ என்று தோன்றுகிறது.