கல்லுக்கும் ஷ்ரிங்கேஜ் போட்ட வேல்குமார்

வெள்ளைக் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, விரலில் சுற்றிக்கொண்டு வேல்குமார் அந்தக் கருங்கல்லைத் தேய்க்கிறார். முன்னும் பின்னுமாக, ஒரே அழுத்தத்தில். பிறகு கைக்குட்டையை வெயிலில் தூக்கிப் பார்க்கிறார். பழுப்பாக ஒரு கறை. உதட்டைப் பிதுக்குகிறார்.

“ரப்பிங் நிக்கலீங்க. சாயம் போகுது.”

கல் கடைக்காரர் குருசாமி உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். பனியன் கம்பெனி வேலைக்கென்று வந்து, அது ஒத்துவராமல், அவிநாசி ரோட்டில் தோட்டத்துக் கல், பூந்தொட்டி, சிமெண்ட் கொக்கு எல்லாம் விற்கிறவர். “என்னண்ணே இது, அது தூசிண்ணே! கல்லுல எங்குட்டுண்ணே சாயம் போகும்?” என்று தலையில் கைவைத்துக்கொள்கிறார். அதற்குள் வேல்குமார் அடுத்த கல்லுக்குப் போய்விட்டார். கூட வந்த பாவத்துக்கு நான் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்கிறேன்.

வேல்குமார் என் பக்கத்து வீட்டுக்காரர். சின்னதாக ஒரு பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். அவர் தைத்து அனுப்பும் டி-ஷர்ட்டுகளை ஐரோப்பாவில் யாரோ போட்டுக்கொண்டு திரிகிறார்கள். கழுத்தில் இஞ்சு டேப் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குக் கை கொடுக்கும்போதே சட்டையின் விளிம்பை இரண்டு விரலால் நசுக்கி, துணி என்ன கனம் என்று சொல்லிவிடுவார். ஓட்டலில் இரண்டாவது தடவை வந்த இட்லி கொஞ்சம் மஞ்சளாக இருந்துவிட்டால், “லாட் மாறிப்போச்சுங்க” என்று சர்வரைக் கூப்பிட்டுப் பழைய இட்லியின் விள்ளலை அதன் பக்கத்தில் வைத்துக் காட்டுவார். சர்வர் பேந்தப் பேந்த விழிப்பார்.

இந்த மனுஷனுக்குக் கம்பெனியில் வாயே கிடையாது. சரக்கு வாங்கும் பையரின் ஆள் ஒருத்தி, அவருடைய மகள் வயதுதான் இருக்கும், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து நிறத்தின் ஷேட் சரியில்லை என்று சொன்னால் போதும், மடித்து அடுக்கிய பெட்டி அத்தனையும் மறுபடி பிரிபடும். இவர் “சரிங்க மேடம், ஆகட்டுங்க மேடம்” என்று நிற்பார். ஆண்டுக்கணக்காக இப்படி வாங்கிக் கட்டிக்கொண்டவருக்கு, நாமும் ஒருநாள் பையராக இருந்து பார்த்தால் என்ன என்ற ஆசை வராதா? அது கல்லில் போய் விடிந்தது. கல் எதிர்த்துப் பேசாது பாருங்கள்.

கல்லெல்லாம் ஒரு குளத்துக்கு. வீட்டுக்குப் பின்னால் குளம் வேண்டும் என்று கேட்டது அவர் மனைவி ஜெயசுதா. ஆடம்பரத்துக்காக இல்லை. தங்கை வீட்டிலிருந்து விரல் நீளத்தில் கொண்டுவந்த வண்ணக் கெண்டைகள் உள்ளங்கையைத் தாண்டி வளர்ந்து, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், பாதியாக அறுத்த ஒரு நீல டிரம்முக்குள் திரும்ப இடமில்லாமல் கிடந்தன. மகள் ஈரோட்டிலும் மகன் பெங்களூரிலும் ஆகிவிட்ட பிறகு, அந்த அம்மாள் வாய்விட்டுப் பேசுவது அந்த டிரம்மோடுதான். சித்திரை வெயிலில் டிரம் தண்ணீர் சுட ஆரம்பித்தது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. ஒன்று செத்தும் போயிற்று. அன்றைக்கு அந்த அம்மாள் சாப்பிடவில்லை.

“ஏனுங்க, எந்தக் கல்லா இருந்தா என்னங்க? குழி வெட்டி மாசமாச்சு. மீனு சாகுதுங்க.”

“அவசரப்பட்டா ரிஜெக்‌ஷன் ஆயிரும் சுதா. சாம்பிள் அப்ரூவல் ஆகாம லோடு எடுக்கக்கூடாது.”

அந்த அப்ரூவலுக்காக நாங்கள் அலைந்த அலைச்சல் இருக்கிறதே! திருமுருகன்பூண்டியில் ஒரு சிலைப் பட்டறைக்குள் நுழைந்து, பிள்ளையாருக்குத் தும்பிக்கை உருவாகிக்கொண்டிருந்த நேரத்தில், கீழே உதிர்ந்த சில்லுகளைப் பொறுக்கி, “இதே ஷேடுல பெருசா கெடைக்குங்களா?” என்று கேட்டார். சிற்பி உளியை நிறுத்தி ஒரு பார்வை பார்த்தார். நான் காருக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். குன்னத்தூர் பக்கம் யாரோ வரப்போரம் குவித்து வைத்திருந்த வெள்ளைக் கல்லை எடுத்து வெயிலில் பார்த்தார், கார் நிழலில் பார்த்தார், கடைசியாக ஒரு டீக்கடை டியூப்லைட்டுக்குக் கீழே கொண்டுபோய்ப் பார்த்தார். “மூணு வெளிச்சத்துல மூணு கலருங்க. பையர் ஒத்துக்க மாட்டாங்க.” எந்தப் பையர் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு மணி நேரம் பதில் வரும்.

கடைசியில் குருசாமி கடையிலேயே தேங்காய் அளவில் ஒரு சாம்பல் நிறக் கல் தேறியது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து டிவிக்குப் பக்கத்தில் வைத்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அபிப்பிராயம் கேட்டார். நல்ல கல் என்றேன். வேறு என்ன சொல்வது?

பிறகு அதே நிறத்தில் கல் பொறுக்கும் படலம். ஒடிசா ஆட்கள் ஒவ்வொரு கல்லாகத் தூக்கிக் காட்ட, இவர் நாற்காலியில் உட்கார்ந்து, “ஏ நஹி... ஏ ஓகே... ஏ நஹி” என்று விரலை ஆட்டினார். தள்ளிய குவியல் மேடாயிற்று. மத்தியானம் இவர் சாப்பிடப் போன இடைவெளியில் குருசாமி அந்தத் தள்ளிய குவியலையே வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவி, “புதுசா வந்த கல்லுண்ணே” என்று வரிசையில் விட்டார். சாயங்காலத்துக்குள் எல்லாம் பாஸ். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, இருமிச் சமாளித்தேன்.

ஆனால் கணக்குப் போட்ட அன்றைக்குத்தான் நிஜமாகவே பொறுக்கவில்லை. எவ்வளவு கல் வேண்டும் என்பதற்கு, அடுக்கிய பிறகு தண்ணீருக்கு எவ்வளவு இடம் மிஞ்சும் என்று முதலில் பார்க்க வேண்டாமா? வேல்குமார் கழுத்து டேப்பை எடுத்து, ஒரு கரையிலிருந்து குழிக்குள் இறக்கி, தரையில் ஓட்டி, எதிர்க் கரையில் ஏற்றி, துணி விரிக்கிற மாதிரி அளந்தார். சதுர அடிக்கு இத்தனை கிலோ. அதன் மேல் கட்டிங் வேஸ்டேஜ். அதன் மேல் ரிஜெக்‌ஷன். அப்புறம் கேட்டார் ஒரு கேள்வி:

“ஷ்ரிங்கேஜுக்கு ஒரு எட்டு பர்சன்ட் சேத்திக்கலாங்களா?”

“கல்லுக்கா?” என்றேன்.

“தண்ணியில கெடக்கப்போற பொருளுங்க. எதுக்கும் சேத்தியே வெச்சுக்கலாம்.”

துணி தண்ணீர் பட்டால் சுருங்கும், அதற்காகக் கூடுதலாக எடுக்க வேண்டும் என்பது திருப்பூரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். கல்லும் சுருங்கும் என்று நம்ப இந்த ஊரிலேயே ஒருத்தர்தான் இருப்பார். குருசாமியாவது சொல்வார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். “அண்ணே போட்டா கணக்கு சரியாத்தேன் இருக்கும்ணே” என்று டிப்பரை எடுக்கச் சொல்லிவிட்டார். கெட்டிக்காரர்.

ஜெயசுதா பேத்தியின் காதுகுத்துக்கு ஈரோடு போயிருந்த சமயத்தில் லோடு வந்து இறங்கியது. வேல்குமார் வாசல் அடைபட்டு, என் கேட்டுக்கு முன்னாலும் ஒரு குவியல். ஆட்களை விட்டுக் கரையெல்லாம் அடுக்கினார், தரையெல்லாம் பரப்பினார், நடுவில் அருவிக்கென்று ஒரு குன்று எழுப்பினார். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் பாதிக் கல் வெளியே கிடந்தது. போதும், இதோடு நிறுத்துங்கள் என்று கெஞ்சினேன்.

“மிச்சம் வெச்சா ஸ்டாக் லாட்டுங்க. எங்க தொழில்ல அது ஒண்ணுதானுங்க ஆகாது.”

ஆக, மிச்சம் முழுவதும் உள்ளே போயிற்று. கரை தடித்தது, தரை உயர்ந்தது, குன்று மலையாயிற்று. குழாயைத் திறந்துவிட்டுத் திரும்புவதற்குள் குளம் நிறைந்து வழிந்தது. ஒரு காக்காய் வந்து, நின்றபடியே கால் நனைத்துவிட்டுப் போயிற்று. வேல்குமார் இடுப்பில் கைவைத்து நின்று, “ஷேட் வேரியேஷன் ஒண்ணே ஒண்ணு காட்டுங்க பாக்கலாம்” என்றார்.

ஊரிலிருந்து வந்து இறங்கிய ஜெயசுதா பையைக்கூட உள்ளே வைக்கவில்லை. நேராக டிரம்முக்குப் போனார். அவர் இல்லாத நேரத்தில் இன்னொரு மீனும் போயிருந்தது. மிச்சத்தை ஒரு பெரிய வாளியில் அள்ளிக்கொண்டு பின்பக்கம் வந்தார். குளத்தைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். வாளியில்தான் ஆழம் அதிகம்.

“மீனை எங்கீங்க வுடறது?”

வேல்குமார் குனிந்து வாளிக்குள் எட்டிப் பார்த்தார். நிதானமாக, ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“மீனு எக்சஸ்ஸா இருக்குது சுதா. சின்னதா ரெண்டு மட்டும் வெச்சுக்கலாமா?”

எனக்கு அந்த ஆளை அறையலாம் போல இருந்தது. ஜெயசுதா வாளியை அவர் கையில் திணித்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குளத்துக்குள் இறங்கினார். மலை உச்சியிலிருந்த கல்லை இரண்டு கையாலும் பிடுங்கி, எங்கே விழுகிறது என்றுகூடப் பாராமல் புல்தரைப் பக்கம் வீசிவிட்டு, அடுத்ததுக்குக் குனிந்தார்.

வேல்குமார் வாளியோடு ஓடினார். தண்ணீர் தளும்பாமல் அதை ஒரு கையில் பிடித்தபடியே, விழுந்து கிடந்த கல்லைக் காலால் மெல்லப் புரட்டி, அதன் நல்ல பக்கம் மேலே தெரியும்படி வைத்தார்.