சம்பந்தியம்மாவின் பல்

ஆபரேஷன் தியேட்டரில் அவருக்கு ரேடியோ என்று பெயர். மயக்க மருந்து டாக்டருக்குப் பக்கத்தில் நின்று குழாய், கருவி, காற்று எல்லாம் தயார் செய்து கொடுக்கும் டெக்னீஷியன் அவர். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆக்சிஜன் சிலிண்டர் உருட்ட வந்தவர், உருட்டி உருட்டியே தொழிலைக் கற்றுக்கொண்டார்.

பெயர் வந்த கதை இதுதான். மயக்கம் கொடுத்ததும் நோயாளியின் மூச்சு நின்றுவிடும். அடுத்த ஒன்றிரண்டு நிமிஷத்துக்குள் தொண்டை வழியாக மூச்சுக்குழாய்க்குள் ஒரு டியூபைச் செலுத்த வேண்டும். முன்பெல்லாம் டாக்டர் மட்டும் குனிந்து தொண்டையைப் பார்ப்பார். பிறகு நுனியில் கேமரா வைத்த வீடியோ கருவி வந்தது. தொண்டை திரையில் பளிச்சென்று தெரிந்தது. வந்த முதல் வாரம் டாக்டர், நர்ஸ், தரை துடைப்பவர் வரை எல்லோரும் கிரிக்கெட் மேட்ச் பார்ப்பதுபோலத் திரையையே பார்த்தார்கள். அந்த இடைவெளியில் ஒரு நோயாளியின் ஆக்சிஜன் அளவு நூறிலிருந்து எழுபதுக்கு இறங்கியதை யாரும் பார்க்கவில்லை. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து ரேடியோ திரைக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பார். ஒரு கண் நோயாளியின் வாயில், ஒரு கண் மானிட்டரில். ஆக்சிஜன் எண்களை ரேடியோச் செய்திபோல உரக்க வாசிப்பார்.

"ரேடியோ, வால்யூமைக் கொஞ்சம் கொறைய்யா. காது வலிக்குது" என்பார் சர்ஜன்.

"கொறைச்சா நீங்க டிவி பாக்க ஆரம்பிச்சிடுவீங்க சார்."

அப்படிப்பட்டவருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை சோதனை வந்தது. பித்தப்பைக் கல்லுக்காக வந்து படுத்திருந்தது அவருடைய சம்பந்தியம்மா, மகளின் மாமியார்.

சம்பந்தியம்மாவுக்குத் தன் பல்வரிசையில் அலாதிப் பெருமை. சம்பந்தம் பேச வந்த அன்றே பெண்ணைச் சிரிக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தவர். ரேடியோவின் மனைவிக்குக் கடைவாய்ப்பல் இரண்டு இல்லை என்பது குடும்பம் முழுக்கத் தெரியும், அவர் புண்ணியத்தில். "எனக்கு அறுபத்தொண்ணு ஆச்சு. ஒரு பல்லு ஆடினதில்ல" என்று எந்த வீட்டுக்குப் போனாலும் சொல்வார். சம்பந்தி என்ன வேலை செய்கிறார் என்று யாராவது கேட்டால், "ஆஸ்பத்திரியில ஏதோ குழாய் மாட்டுறாராம்" என்பார்.

முந்தின நாள் மகள் போன் செய்தாள். "அப்பா, அத்தையோட பல்லுல ஒரு கீறல் விழுந்தாலும் நான் அந்த வீட்ல குப்பை கொட்ட முடியாது. சொல்லிட்டேன்."

இன்னொரு டெக்னீஷியன் விடுப்பில் இருந்தார். வேறு வழியில்லை. வார்டு நர்ஸ் கேட்டார், மயக்க மருந்து டாக்டரம்மா கேட்டார், கடைசியில் ரேடியோவும் கேட்டார்: "செயற்கைப் பல்லு ஏதாவது இருக்கா?"

"என்ன சம்பந்தி, என்னையா பாத்து இந்தக் கேள்வி?" என்று முப்பத்திரண்டையும் காட்டினார் சம்பந்தியம்மா.

கழுத்து குட்டை, உடம்பு கனம். அதனால் டாக்டரம்மா வீடியோ கருவியைத்தான் எடுத்தார். மருந்து ஏறியது, கண் மூடியது. கருவி வாய்க்குள் போனது. திரையில் தொண்டை தெரிந்ததும் எல்லோர் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது.

"ஆஹா, என்னா தெளிவு!" என்றார் சர்ஜன்.

"தொண்ணூத்தொம்பது" என்றார் ரேடியோ.

டாக்டரம்மா கையை நீட்டினார். "டியூப் குடுங்கண்ணா."

டியூபை நீட்டிய ரேடியோவின் கை பாதியில் நின்றது. அவர் பார்வை நோயாளியின் வாயில் இருந்தது. மேல்வரிசையில் நடுப்பல்லைக் காணோம்! அது ஒரு சின்ன இளஞ்சிவப்புத் தகட்டோடு கழன்று, நாக்கின் மேல் உட்கார்ந்து, தொண்டைப் பக்கம் நழுவிக்கொண்டிருந்தது. கேமரா அதைத் தாண்டி உள்ளே இருந்ததால் திரையில் அதன் நிழல்கூட இல்லை.

"நில்லுங்க! யாரும் எதையும் தள்ளாதீங்க! பல்லு!"

இவ்வளவு சத்தமாக அவர் எண்ணைக்கூட வாசித்ததில்லை. டாக்டரம்மா கையை அசைக்கவில்லை. "எங்கண்ணா?"

"நாக்குமேல, உங்க வலது பக்கம். தொண்ணூத்தேழு. இந்தாங்க இடுக்கி."

டாக்டரம்மா திரையை விட்டுவிட்டு வாயைப் பார்த்தார். முதல் பிடி வழுக்கியது. "தொண்ணூத்தஞ்சு." இரண்டாம் பிடியில் பல் வெளியே வந்து, ரேடியோ நீட்டிய கிண்ணத்தில் டிங் என்று விழுந்தது. டியூப் போனது. மானிட்டரில் மூச்சின் அலை ஏறி இறங்கியது. தொண்ணூற்று மூன்றில் நின்ற எண் மெல்ல மேலே ஏறியது.

சர்ஜன் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். "ரேடியோ, நீ இனிமே ஃபுல் வால்யூம்லயே பாடுய்யா."

ரேடியோவின் கவலை வேறு. கழற்றிய பொருளைப் பையில் போட்டு, உறவினரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது விதி.

"வெளிய அவங்க பையன் நிக்கிறாரு. கூப்பிடட்டுமா?" என்றார் நர்ஸ்.

"ஐயையோ, வேணாம் தாயி! நான் மட்டும் யாராம்? சம்பந்தி உறவில்லையா? கொண்டாங்க, நானே போடுறேன்."

கையெழுத்துப் போட்டுப் பையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து வெளியே வந்தால், எதிரே மாப்பிள்ளை.

"மாமா, அம்மா எப்படி இருக்காங்க?"

"ரொம்ப நல்லா இருக்காங்க மாப்ள."

"பல்லுக்கு ஒண்ணும் ஆகலையே? கண் முழிச்சதும் அதைத்தான் கேப்பாங்க."

"பல்லா? பத்திரமா இருக்கு" என்றார் ரேடியோ, சட்டைப்பையை அழுத்திப் பிடித்துக்கொண்டு.

மயக்கம் தெளியும் அறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். பார்க்க வந்தவர்களை எல்லாம், "இப்ப விடமாட்டாங்க" என்று திருப்பி அனுப்பினார். சாப்பாட்டு நேரமும் போனது. சம்பந்தியம்மாவுக்கு நன்றாக விழிப்பு வந்ததும், முதலில் அசைந்தது வலது கை. அது நேராக வாய்க்குப் போனது. தடவிப் பார்த்தது. கண் அகலத் திறந்தது. எதிரே ஸ்டூலில் சம்பந்தி!

ரேடியோ பையை நீட்டினார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?" வாயைக் கையால் மூடியபடி கேட்டார் சம்பந்தியம்மா.

"உள்ள ஆறு பேருக்கு. நம்ம குடும்பத்துல எனக்கு மட்டும்."

"என் வீட்டுக்காரருக்கே தெரியாது. பன்னெண்டு வருஷமா..."

"நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். மாட்டிக்குங்க."

திரும்பிக்கொண்டார். திரைக்கு முதுகு காட்டி நின்று பழகிய மனிதருக்கு அது சிரமமே இல்லை.

மாலையில் உறவெல்லாம் கட்டிலைச் சுற்றி நின்றது. சம்பந்தியம்மா எல்லோரையும் பார்த்துப் பளிச்சென்று சிரித்துவிட்டுச் சொன்னார்: "எங்க சம்பந்தி மாதிரி அமைதியான மனுஷனை நான் பாத்ததே இல்ல. வாயே திறக்க மாட்டாரு."

எப்படி இருக்கிறார் என்று பார்க்க வந்த தியேட்டர் நர்ஸுக்குப் புரையேறியது. ரேடியோ கையைக் கட்டிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே என்னவோ இருப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.