என் ரத்தத்தில் எழுந்த கோடு

ஆராய்ச்சிப் படிப்பின் இரண்டாம் வருடம். திருச்சிக் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில், டைபாய்டு கிருமியின் மேலுறையிலிருந்து புரதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கிருமியை நம் உடல் அடையாளம் காண்பது அவற்றை வைத்துத்தான். ஆன்டிஜென் என்போம். அந்தப் புரதங்களைக் காகிதம் போன்ற ஒரு பட்டையில் ஏற்றி, டைபாய்டு வந்து தேறியவருடைய சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிநீரை, ஊற்றினால் பழுப்பாக ஒரு கோடு எழும். நோயே வராதவருடைய சீரத்தில் எழக்கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க அப்படி ஒருவர் வேண்டியிருந்ததால் என் ரத்தத்தையே கொடுத்தேன்.

என் பட்டையில்தான் கோடு எல்லாவற்றையும்விட அழுத்தமாக வந்தது.

பட்டை மாறிவிட்டது என்று நினைத்து மறுபடி செய்தேன். பிறகு இன்னொரு முறை. அதே இடத்தில் அதே கோடு. என் ஆய்வுக்கு வழிகாட்டும் மேடம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வேற கிருமியாலகூட வரலாம். உனக்கு டைபாய்டு வந்திருக்கா?"

"இல்ல மேடம்."

"எதுக்கும் வீட்ல கேளு."

மாலையில் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் நின்றபடியே துறையூரில் இருக்கும் அம்மாவுக்கு போன் செய்தேன். எனக்கு எப்போதாவது டைபாய்டு வந்ததா என்று கேட்டேன்.

"பன்னெண்டாவது பரீட்சைக்கு முன்னாடி காய்ச்சல் வந்துச்சுல்ல, அதுதான்."

"சாதாரணக் காய்ச்சல்னு சொன்னியே!"

"டைபாய்டுன்னா நீ பயந்து பரீட்சைக்கே போயிருக்க மாட்டே. டாக்டரையும் சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டேன்."

அந்த வருடம் ஒவ்வொரு பரீட்சையும் முடிந்து நான் வரும்போது அம்மா பள்ளி வாசலில் வெயிலில் ஃபிளாஸ்க்கோடு நிற்பாள். கஞ்சி. தோழிகள் சிரித்தார்கள். "நாளையிலேர்ந்து வராதே" என்று நான் எரிந்து விழுந்தேன். மறுநாளும் வந்தாள். நான் உள்ளே மயங்கி விழுந்துவிடுவேனோ என்று அவள் பயந்துகொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

பஸ்ஸில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"உன் ஆராய்ச்சி கெட்டுப்போச்சாடி?"

"இல்லம்மா. வேற ஆள் ரத்தம் வேணும், அவ்ளோதான்."

"என்னோடதை எடுத்துக்கோயேன். எனக்கு அப்படியெல்லாம் வந்ததில்ல."

மேடம் சம்மதித்தார். திங்கட்கிழமை காலை அம்மா பஸ்ஸில் வந்து இறங்கினாள். சம்மதப் படிவத்தைப் படித்துக் கையெழுத்துப் போட்டாள். ஊசி ஏறும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு என் கையைப் பிடித்தாள். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன்.

"அதெல்லாம் விடு. சாப்ட்டியா?" என்றாள்.

அவளுடைய பட்டையில் கோடு எழவில்லை. போனில் சொன்னபோது, தானே பரீட்சையில் தேறியதுபோல் சிரித்தாள்.