என் பெயரில் ஏழு நேர்த்திகள்

காலை ஐந்து மணி ஐம்பது நிமிடம். ஆறு மணி மாத்திரைக்கு வெந்நீர் வைக்க எழுந்து முன்கதவைத் திறந்தபோது முதலில் கண்டது ஓர் ஆடு. கறுப்புக் கிடாய். நெற்றியில் மஞ்சள், கழுத்தில் செவ்வந்தி மாலை. கயிற்றின் மறுமுனை எங்கள் தண்ணீர்க் குழாயில் கட்டியிருந்தது. மாலையில் தொங்கிய பகுதியை அது ஏற்கனவே தின்று முடித்திருந்தது.

நான் மனைவியைக் கூப்பிடுவதற்குள் தொலைபேசி அடித்தது. லுணுகலைக்கு மேலே, நான் பிறந்த தோட்டத்திலிருந்து சித்தப்பா.

"மரக்கறி லொறியில அனுப்பினேன். வந்துருச்சா?"

"வந்துருச்சு சித்தப்பா. எதுக்கு?"

"உனக்கு ஒப்பரேசன் நடந்தன்னிக்கு முனியாண்டிக்கு நேர்ந்தது. நீ ஒருக்காத் தொட்டு விடு. லொறி திரும்பி வரயில ஏத்திருவான். நீ தொட்டாத்தான் உன் பேருக்கு."

ஆடு, மாடு, நாய், பூனை எதையும் தொடக்கூடாது என்று கிளினிக்கில் தந்த தாளில் மூன்றாவது வரியில் இருக்கிறது. சொன்னேன். சித்தப்பா சற்று யோசித்தார்.

"கையுறை போட்டுத் தொட்டா என்னா?"

"கையுறை போட்டா சாமி ஏத்துக்குமா?"

"அதெல்லாம் ஏத்துக்கும். பெரிய டாக்டருங்களே கையுறை போட்டுத்தான் உன்னையத் தொட்டாங்க."

கையுறை போட்டு, முகக்கவசம் போட்டு, ஆட்டின் முதுகை இரண்டு விநாடி தொட்டேன். அது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மாலையில் மிச்சம் இருந்ததை எப்படி எட்டுவது என்பதில் கவனமாக இருந்தது.

அந்த வாரத்தோடு எனக்குச் சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை நடந்து ஆறு மாதம். தந்தது என் அக்கா. கணவன் போன பிறகும் அதே தோட்டத்தில், அதே லயத்து வரிசை வீட்டில் இருந்து கொழுந்து பறிப்பவள். நான் பதுளையில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு பத்திரிகைக்குப் பிராந்தியச் செய்தி எழுதுபவன். ஒன்றரை வருடம் கிழமைக்கு மூன்று நாள் இயந்திரத்தோடு கிடந்தேன். உறவில் பலருடைய இரத்தம் எனக்குப் பொருந்தாது என்பது அவர்களுக்குப் பரிசோதனைக்கு முன்பே தெரிந்திருந்தது. அக்கா மட்டும் போய்ப் பரிசோதித்துக்கொண்டாள். ஏன் தருகிறாய் என்று வைத்தியர் கேட்டார். சட்டப்படி கேட்க வேண்டும். "ரெண்டு இருக்குல்ல" என்றாள். இந்த விடயத்தில் அவள் தந்த ஒரே பேட்டி அதுதான்.

நான் மயக்கத்தில் கிடந்த நேரத்தில் என் உறவினர்கள் சும்மா இருக்கவில்லை. ஆளுக்கொரு தெய்வத்தைப் பிடித்து ஆளுக்கொரு வாக்குக் கொடுத்துவிட்டார்கள். எல்லா வாக்கும் என் பெயரில், என் உடம்பைக் கொண்டு நிறைவேற்ற வேண்டியவை. வீடு திரும்பிய பிறகு ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. பேச்சு எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: "ஒனக்குத் தெரியாம நான் ஒண்ணு செஞ்சேன்."

மாமியார் என் தலைமுடியை நேர்ந்திருந்தார். கட்டாரில் வேலை செய்யும் தம்பி முறைக்காரன் ஒருவன், முதுகில் கொக்கி மாட்டி நான் பறவைக் காவடி எடுப்பேன் என்று அங்கிருந்தே வாட்ஸ்அப்பில் உறுதியளித்திருந்தான். வேதத்துக்கு மாறிய சின்னம்மா மாதா கோயிலுக்கு ஆள் உயர மெழுகுதிரி நேர்ந்துவிட்டு, என் உயரம் கேட்டுத் தொலைபேசியில் எடுத்தார். ஐந்து அடி ஆறு அங்குலம் என்றேன். சப்பாத்தோடா, சப்பாத்து இல்லாமலா என்று கேட்டார். பள்ளிக்கூட நண்பன் ஒருவன் என்னைக் கதிர்காமத்துக்கு நடத்திக் கூட்டிப்போவதாக முருகனிடம் சொல்லியிருந்தான். மனைவியின் அக்கா நான் கோயிலைச் சுற்றி உருளுவதாக. அத்தோடு சித்தப்பாவின் கிடாய். ஆறு.

ஏழாவது என் தாய்மாமா. ஓய்வுபெற்ற கங்காணி; தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டித் தலைவர். கமிட்டிக்குத் தேர்தல் உண்டு. ஆனால் அவர் இருக்கும்வரை வேறு யாரும் நிற்பதில்லை. அவர் நேர்ந்தது பூமிதி. எங்கள் பக்கத்தில் தீ மிதிப்பதை யாரும் தீ என்று சொல்வதில்லை. ஆத்தாளின் நெருப்பை நெருப்பு என்று சொன்னால் குற்றம். தணல் பூ, தணல் கிடக்கும் குழி பூக்குழி, நடப்பது பூமிதி. வரும் திருவிழாவில் தன் மருமகன் பூ மிதிப்பான் என்று மாமா வாக்குக் கொடுத்திருந்தார்.

தொழில் பழக்கத்தில் ஏழு நேர்த்தியையும் ஒரு தாளில் சிங்களத்தில் எழுதி அடுத்த கிளினிக்குக்கு எடுத்துப்போனேன். அங்குள்ள மூத்த தாதியிடம் நீட்டினேன். அவர் மருந்துச் சிட்டையைப் பார்ப்பதுபோலவே அதைப் பார்த்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார். மொட்டைக்குப் புது பிளேட் என்றால் சரி போட்டார். மெழுகுதிரிக்குச் சரி, ஆனால் கூட்டம் இல்லாத நேரத்தில். கிடாய்க்கு நேரே, நன்றாக வெந்திருந்தால் ஒரு துண்டு என்று எழுதினார். உருளுவதில் பேனா நின்றது.

"மண்ணிலா?"

"மண்ணில்தான் மிஸ்."

வெட்டினார். கதிர்காமத்தை வெட்டினார். கொக்கி என்ற சொல்லை இரண்டு முறை வாசித்துவிட்டு இரண்டு முறை வெட்டினார். தீ மிதிப்புக்கு வந்ததும் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"எங்கள் ஊரிலும் தீ மிதிப்பார்கள். உங்களுக்காக வேறு யாராவது செய்ய முடியாதா?"

அவர் இரக்கப்பட்டுச் சொன்னார். நான் அதை அப்படியே மாமாவிடம் ஒப்புவித்தேன். அறிக்கையைச் சொன்னபடி சொல்வது எனக்குப் பழகிப்போன விடயம். அதுதான் நான் விட்ட பிழை.

மாமா இரண்டு நாள் யோசித்துவிட்டு எடுத்தார்.

"மருமகனே, வழி கெடைச்சிருச்சு. ஒன் அக்கா மிதிக்கட்டும்."

"அக்காவா?"

"ஒன் ஒடம்புக்குள்ள ஓடுறது யார் கிட்னி? அவளோடது. அப்ப அவ நடந்தா நீ நடந்த மாதிரிதான். ஆத்தாகிட்ட நாயம் பேசலாம்."

நன்றிக்கடனைச் செலுத்த, கடன் கொடுத்தவளையே அனுப்பும் ஏற்பாடு இது. உறவில் ஒருவருக்கும் இதில் குறை தெரியவில்லை. தொலைபேசியில் எல்லோரும் மாமாவின் மூளையை மெச்சினார்கள். அக்காவுக்கும் வயிற்றின் இடப்பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு இருக்கிறது. பாரம் தூக்கக்கூடாது என்று சொல்லியிருப்பதால் கணக்கப்பிள்ளை அவளைக் கொழுந்துக் கூடையிலிருந்து மாற்றி, கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் உதவிக்குப் போட்டிருந்தார். பூ மிதிக்கிறவர்கள் மூன்று நாள் விரதம் இருந்து, தண்ணீர்கூட அளந்து குடிப்பார்கள். ஒற்றைச் சிறுநீரகத்தோடு இருப்பவள் செய்யக்கூடாத காரியத்தைத் தேடினால் அதுதான் முதலில் வரும்.

அடுத்த பரிசோதனையில் என் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறியிருந்தது. அது ஏறினால் சிறுநீரகத்துக்குப் பிடிக்கவில்லை என்று பொருள். பதுளையிலிருந்து கண்டி கிளினிக்குக்குப் போகும் பஸ்ஸிலிருந்து சிறுநீர் கழிக்க வழியில் இறங்க வேண்டிவருமே என்று நான் முதல் நாள் இரவிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. வைத்தியர் இதைக் கண்டுபிடித்து, தண்ணீர் குடி என்றார். இந்த விளக்கத்தை நம்பியது அவர் ஒருவர்தான். மற்ற எல்லோருக்கும் காரணம் தெரிந்திருந்தது.

"நேர்ந்ததைச் செய்யாம இழுத்தா ஆத்தா சும்மா இருப்பாளா?" என்றார் மாமா.

அன்று மாலையே அக்கா எடுத்தாள். "நான் மிதிக்கிறேன் தம்பி. பத்தடி தானே. நீ யோசிக்காத."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்க்கலாம் என்றேன். அரை நாள் எனக்கு நிம்மதியாக இருந்தது. முப்பது வருடம் மூடநம்பிக்கைக்கு எதிராக எழுதியவன் நான். அந்த அரை நாளில், ஒருவேளை மாமா சொல்வது சரியாக இருந்தால், அக்கா நடந்து என் கிரியேட்டினின் இறங்கினால் நல்லதுதானே என்று நினைத்தேன்.

மறுநாள் ஒரு செய்தி எழுத உட்கார்ந்தபோது, சரிபார்க்காமல் விட்ட விடயம் ஒன்று இருப்பது தட்டுப்பட்டது. மாமாவை விட்டு மற்ற ஆறு பேருக்கும் எடுத்தேன். ஒரே கேள்வி: அன்றைக்கு அக்காவுக்கு என்ன நேர்ந்தீர்கள்?

மாமியார், "அவளுக்குமா?" என்றார். சித்தப்பாவுக்கு வேலை வந்துவிட்டது. கட்டாரிலிருந்து கைகூப்பும் படம் ஒன்று வந்தது. சின்னம்மா மட்டும், சின்னத் திரியாக ஒன்று இப்போது ஏற்றலாமா என்று கேட்டார். என் மனைவியிடம் கேட்டேன். அவள் அடுப்படிக்குப் போனாள். பிறகு நான் என்ன நேர்ந்தேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். சத்திரசிகிச்சைக் கூடத்துக்குப் போகும்போது நான் வேண்டிக்கொண்டதும் எனக்காகத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கமிட்டிக் கூட்டம். கூட்டத்துக்குள் இருக்கக்கூடாது என்பதால் நான் வெளியே கதிரை போட்டு, சன்னலோரம் முகக்கவசத்தோடு இருந்தேன். அக்கா உள்ளே பெண்கள் பக்கத்தில் இருந்தாள். திருவிழா நோட்டீஸ் அச்சுக்குப் போக வேண்டும். பூ மிதிப்பவர்கள் பட்டியலை மாமா எடுத்தார்.

"புள்ள பேரைப் போட்டுருவோமா?" என்று அக்கா பக்கம் பார்த்தார்.

நான் சன்னல் வழியாகக் கேட்டேன். "மாமா, ஒப்பரேசன் அன்னிக்கு அக்காவுக்கு யாராச்சும் நேர்ந்தீங்களா?"

"அவளுக்கு எதுக்கு?" மாமாவுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. "அவளுக்கு என்ன வருத்தம்? நல்லாத்தான இருந்தா."

"நல்லா இருந்தவளைத்தான மாமா வெட்டினாங்க. எனக்கு முன்னாடியே வெட்டினாங்க."

செயலாளர் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார்.

"அதுவும் நாயந்தான்," என்றார் மாமா. "ஆனா நேர்ந்தது நேர்ந்ததுதான். ஆத்தாகிட்டப் போயி இல்லைன்னு சொல்ல ஏலுமா? அவன் ஏலாதுன்னா அவ. அவ ஏலாதுன்னா யாரு?"

"நீங்க மிதிங்க மாமா," என்றது பெண்கள் பக்கத்தில் ஒரு குரல்.

"எனக்குச் சீனி வருத்தம். கால்ல புண்ணு."

சிரிப்பு அடங்கிய பிறகு அக்கா பேசினாள். கூட்டத்தில் அவள் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"மாமா, நீங்க என்னான்னு நேர்ந்தீங்க? வார்த்தைக்கு வார்த்தை சொல்லுங்க."

மாமா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "ஆத்தா, என் மருமகனைக் காப்பாத்திக் குடு. அவன் ஒன் சன்னதியில பூ மிதிப்பான்."

"பூன்னுதான சொன்னீங்க? நெருப்புன்னு சொல்லலையே?"

"பூன்னா நெருப்புதான் புள்ள. ஒலகத்துக்கே தெரியும்."

"நெருப்புன்னு சொன்னாத்தான் குத்தமாச்சே. நீங்க சொன்னது பூ. பூவைக் கொட்டுங்க. தம்பி நடந்துட்டுப் போகட்டும்."

செயலாளர் முதலில் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. நாற்பது வருடம் காலைப் பெரட்டில் தொழிலாளரை வரிசையில் நிறுத்தி வேலைக்கு ஆள் பிரித்தவர். யார் பக்கம் ஆள் நிற்கிறது என்று அவருக்குப் பார்த்த உடனே தெரியும். கொஞ்ச நேரம் மாரியம்மன் பக்கம் பார்த்துவிட்டு, தலைவராகத் தீர்ப்புச் சொன்னார்.

"செவ்வந்தியா, ரோசாவா?"

திருவிழா அன்று பூக்குழிக்கு இருபது அடி தள்ளி, பாய் விரித்து அதன்மேல் செவ்வந்தி கொட்டினார்கள். வெறுங்காலோடு நடக்கக்கூடாது என்பதால் வெள்ளைக் காலுறை போட்டேன். முகக்கவசம். சேவித்தபடி நடந்தேன். எட்டு அடி எடுத்து வைத்தேன். வழுக்கியது. தப்பு அடிப்பவர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "இது என்னா, மாப்ள அழைப்பா?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. எனக்குப் பிறகு இருபத்திரண்டு பேர் உண்மையான பூவில் இறங்கினார்கள்.

ஒலிபெருக்கியில் நன்றியுரை. அம்பாளுக்கு நன்றி. விறகு தந்த தோட்டத்துரைக்கு நன்றி. சவுண்ட் செட்காரருக்கு, லொறி தந்தவருக்கு, பூ வழங்கியவருக்கு நன்றி. மறுவாழ்வு பெற்று எம்மத்தியில் இருக்கும் பத்திரிகையாளருக்கும், அவரைக் காப்பாற்றிய வைத்தியர்களுக்கும், நேர்ந்துகொண்ட தலைவருக்கும் நன்றி. மற்றும் குடும்பத்தினருக்கு நன்றி. அந்த 'மற்றும் குடும்பத்தினர்' மண்டபத்தின் பின்னால் உட்கார்ந்து அன்னதானத்துக்குப் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

கூட்டம் சாப்பாட்டுக்குப் போனதும் நான் அர்ச்சனைத் தட்டு ஒன்று வாங்கி வந்து அவளைக் கூப்பிட்டேன்.

"எதுக்கு தம்பி? ஒனக்குத்தான் இத்தனை ஆயிருச்சே."

"எனக்கில்ல. ஒனக்கு."

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். ஐயர் தட்டை வாங்கினார். பெயர் கேட்டார். சொன்னாள். நட்சத்திரம் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் சன்னதியில் நின்ற மாமாவைப் பார்த்தேன்.

"மழைக்காலம்," என்றார் மாமா. "லயத்துக்குள்ள தண்ணி வந்துருச்சு. அவ்வளவுதான் ஞாபகம்."

"பரவாயில்ல," என்றார் ஐயர். "பொறந்த திகதி சொல்லுங்கோ. போன்ல போட்டா நட்சத்திரம் வந்துரும்."

அக்கா சின்னப் பையைத் திறந்து தேசிய அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தாள். ஐயர் அதை விளக்குக்குப் பக்கத்தில் பிடித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். பிறந்த ஆண்டு இருந்தது. மாதத்துக்கும் திகதிக்கும் உரிய இடத்தில், பிறந்த நாள் பதியப்படாதவர்களுக்குப் போடும் நான்கு பூச்சியங்கள் இருந்தன.