வாசலில் அடிக்காத ஹாரன்

அந்தக் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் இன்னும் என் காதில் இருக்கிறது. கோழி கூவும் முன்பே வாசலில் வந்து, தூங்குகிறவனை உலுக்கி உட்கார வைக்கிற சத்தம். ஒரகடம் தொழிற்பேட்டையிலிருந்து உள்ளடங்கிய எங்கள் ஊரில் ரேஷன் கார்டுக்காரர்களைவிட வாடகை அறைக்காரர்கள் அதிகம். ஜனத்தொகை என்னவென்று பஞ்சாயத்தில் கேட்டால் ஒரு கணக்குச் சொல்வார்கள். குப்பை வண்டிக்காரரைக் கேட்டால் சிரிப்பார். அரசு டவுன் பஸ் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை தலைகாட்டும். கம்பெனி பஸ்களோ ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஊர்வலம் போகும். அதில் ஊர்க்காரன் ஏற முடியாது. கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க வேண்டும்.

என் ஒருவன் தூக்கத்துக்காக நான் தெருவையே திரட்டினேன். ஸ்டாப்பை ஏரிக்கரைக்கு மாற்று, ஊருக்குள் ஹாரன் அடிக்காதே என்று பஸ் காண்ட்ராக்டரிடம் மனு. ஜோக்கடித்தே கையெழுத்து வாங்கினேன், ஜெயித்தேன். அந்த பஸ் டிரைவர் தென்காசிப் பக்கத்துக்காரர். மனைவி, மகளோடு எங்கள் தெருவிலேயே குடியிருந்தார். மனுவின் சூத்திரதாரி யாரென்று தெரிந்தும், டீக்கடையில் பார்த்தால், "அண்ணாச்சி, தூக்கம் நல்லா வருதா?" என்று விசாரிப்பார். அது குத்தலா, அக்கறையா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

ஒரு விடியலில் நெஞ்சு அடைத்தது. முந்தின நாள் கல்யாண வீட்டில் இரண்டு பந்தி பிரியாணி சாப்பிட்டது நினைவுக்கு வரவில்லை; எமன்தான் வந்தான். வியர்த்துக் கொட்ட, மனைவியிடம் பீரோ சாவி இருக்கும் இடத்தைச் சொன்னேன். பேச்சுவார்த்தை இல்லாத தம்பியை மன்னித்தேன். ஆட்டோக்காரர் போனை எடுக்கவில்லை. டவுன் பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. மனைவி தெருவுக்கு ஓடி, வந்த கம்பெனி பஸ்ஸை மறித்தாள். நிற்கக் கூடாது என்று நான் எழுதி வாங்கிய அதே இடத்தில் அது நின்றது.

"வூட்டுக்காரருக்கு நெஞ்சு வலிங்க, இன்னா பண்றதுன்னே தெர்ல" என்றாள்.

டிரைவர் யோசிக்கவேயில்லை. "ஏறுங்க அண்ணாச்சி, பயப்படாதீய" என்று கைத்தாங்கலாக ஏற்றினார். ஷிஃப்டுக்குப் போகிற அத்தனை பேரோடும் பஸ் பாதையை விட்டுப் படப்பை ஆஸ்பத்திரிக்குத் திரும்பியது. வழியெல்லாம் ஹாரன். அன்று அது எனக்கு நாதஸ்வரமாக இருந்தது. முன்பின் தெரியாத மதுரைப் பையன்களிடம் என் குடும்பத்தை ஒப்படைத்துக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றை அழுத்தினார். ஒரு ஏப்பம் வந்தது, வராந்தா வரைக்கும் கேட்கிற ஏப்பம். "வெறும் கேஸ் டிரபிள்" என்றார். கூடவே நின்ற டிரைவர், "நல்லவேளை அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு பஸ்ஸை நோக்கி ஓடினார்.

அன்று கம்பெனியில் ஒரு உற்பத்தி லைனே தாமதமாக ஓடியதாம். டிரைவர் வேலைக்கு ஆபத்து என்று தெரிந்ததும் பரிந்து பேச காண்ட்ராக்டரிடம் போனேன். அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். "அங்க நிக்கவே கூடாதுன்னு எழுதிக் குடுத்தது நீங்கதான சார்?" என்றார். எதற்கும் ஒரு ஜோக் வைத்திருக்கும் நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

டிரைவரை மறைமலை நகர் ரூட்டுக்கு மாற்றினார்கள். ராத்திரி பஸ்ஸை நிறுத்துகிற ஊரில்தான் டிரைவரும் தங்க வேண்டும். மகளைப் பள்ளியிலிருந்து நடுவருடத்தில் நிறுத்தினார்கள். மினி லாரியில் அவர்கள் சாமான் ஏற்றிய காலையில் நான் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு, வராத தண்ணீரில் குளித்தேன். வெளியே வந்தபோது எங்கள் ஊர் ஜனத்தொகையில் மூன்று பேர் குறைந்திருந்தார்கள்.

போன மாதம் ஒரகடம் கூட்டுரோட்டில் நின்றிருந்தேன். பழகிய ஹாரன். அவர்தான், என்னைப் பார்த்துவிட்டார். மன்னிப்புக் கேட்கிற மாதிரி நெஞ்சில் கை வைத்தேன். பஸ் கிறீச்சிட்டு நின்றது. பின்னால் வந்த லாரிகளெல்லாம் அலறின.

"அண்ணாச்சி, திரும்பவும் வலிக்கா?" என்று ஜன்னலில் தலையை நீட்டினார்.

நெஞ்சிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்து, போங்க போங்க என்று வீசினேன். சிரித்துக்கொண்டே நீளமாக ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போனார்.

எங்கள் தெருவில் இப்போது வேறு டிரைவர். மனுவில் உள்ளபடியே என் வாசலைச் சத்தமில்லாமல் கடக்கிறார். அவர் வருவதற்கு முன்பே நான் விழித்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.