அந்த லைனில் இருந்த அண்ணி

எங்க அண்ணிக்குப் பாம்புச் செவி. நான் தையல் மெஷின் பக்கத்துல ஊசியைக் கீழ போட்டா, 'ஏய், யார் கால்லயாவது ஏறிடப் போவுது, எடு'ன்னு அடுப்படியில இருந்து குரல் வரும். சுவருக்கும் காது உண்டுன்னு ஊர்ல சும்மா சொல்லுவாங்க. எங்க வீட்டுல அந்தக் காது மாசாமாசம் சம்பளமும் வாங்கிட்டு வந்துச்சு.

கல்யாணம் பேசும்போது டெலிபோன் ஆபீஸ்ல வேலைன்னுதான் சொன்னாங்க. தெருவுல யாருக்கு ஃபோன் வேலை செய்யலைன்னாலும் எங்க வாசல்ல வந்து நிப்பாங்க. அண்ணியும் தலையாட்டி, 'சொல்லி வைக்கிறேன்'னு அனுப்பிடுவாங்க. ஒரு ஃபோனாவது சரியானதா எனக்கு ஞாபகம் இல்ல. ஏன்னா அவங்க பாத்த வேலையே வேற. அரசாங்கத்துக்குப் பிடிக்காத ஆளுங்க வீட்டு ஃபோனை ஒட்டுக்கேட்டு, பேசுறதை அப்படியே டைப் அடிச்சு அதிகாரிகிட்ட குடுக்கணும். ஜன்னல் இல்லாத ரூம், மேஜைக்கு மேஜை பலகைத் தடுப்பு. ஹெட்போன் மாட்டி மாட்டி அவங்க காது மடல் ரெண்டும் காய்ச்சுப் போயிருக்கும்.

'உங்களுக்குக் கூசலையா அண்ணி'ன்னு ஒரு தடவை நேராவே கேட்டேன். 'நான் இல்லைன்னா இன்னொருத்தி வந்து உக்காருவா'ன்னாங்க. உலகத்துல இருக்குற அத்தனை ஈனத்தனமும் இந்த ஒரு பேச்சை வெச்சுத்தான் பொழைக்குதுன்னு வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். புருஷனை விட்டுட்டு நான் ஒரு பையோட இந்த வீட்டுக்கு வந்து நின்னப்ப, ஒரு கேள்வி கேக்காம முன்ரூமைக் காலி பண்ணிக் குடுத்தவங்க அவங்க. கெட்டவங்களா இருந்திருந்தா எனக்குக் கோவப்படறது எவ்வளவோ சுலபமா இருந்திருக்கும்.

கடைசியா அவங்களுக்குக் குடுத்த லைன் ஒரு பத்திரிகைக்காரர் வீடு. போலீஸ் கூட்டிட்டுப் போய்த் திரும்பி வராத ஆளுங்களைப் பத்தி, வீடு வீடாப் போய் விசாரிச்சு எழுதிட்டிருந்தவர். அவர் ஃபோன்ல உருப்படியா எதுவும் பேச மாட்டார். ஆனா அவர் சம்சாரம் தன் அக்காகிட்ட எல்லாத்தையும் கொட்டும். மாமனாருக்கு மூச்சிரைப்பு, பொண்ணுக்கு வாய்ப்பாடு மண்டையில ஏறல, வீட்டுக்காரர் வேளைக்குச் சாப்பிடறதில்ல. வருஷக்கணக்காக் கேட்டுக் கேட்டு அண்ணிக்கு அது சொந்தக்காரங்க வீடு மாதிரி ஆயிடுச்சு. 'அந்தக் குட்டி இன்னிக்கு எட்டாம் வாய்ப்பாட்டுல ஏழாவது வரியை முழுங்கிடுச்சு'ன்னு சாப்பிடும்போது தானாச் சிரிப்பாங்க. மூஞ்சி மட்டும் ஒருத்தரோடதும் தெரியாது.

அண்ணிக்குக் கண்ணுல புரை. கண் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன். வரிசையா நாற்காலி, எங்களுக்கு அடுத்து ஒரு பொண்ணு. அது நர்ஸைக் கூப்பிட்டு, 'இன்னும் எத்தனை பேருங்க இருக்காங்க'ன்னு கேட்டுச்சு. அவ்வளவுதான். அண்ணி அந்தக் குரலுக்குச் சட்டுன்னு திரும்பி, அது கையைப் புடிச்சுக்கிட்டு, 'மாமனாருக்கு மூச்சிரைப்பு தேவலையாம்மா?'ன்னாங்க.

'பரவாயில்லங்க'ன்னு அதுவும் சொல்லிடுச்சு. அப்புறம்தான் அண்ணியை உத்துப் பாத்துச்சு.

'நீங்க யாரு? உங்களுக்கு எப்படித் தெரியும்?'

அண்ணி இன்னும் அது கையை விடல.

'எங்க அக்காகிட்ட ஃபோன்ல மட்டும்தான சொன்னேன்'னு அது மெதுவாச் சொல்லிட்டு, கையை உருவிக்கிட்டு எழுந்து போயிடுச்சு. டாக்டரைக்கூடப் பாக்கல. தவளை தன் வாயால கெடும்பாங்க. அண்ணி வாயால கெட்டது அவங்க இல்ல.

அவங்க ஆபீஸ்ல ஒரு சட்டம். ஒட்டுக்கேக்குறது அந்த வீட்டுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா, அன்னிக்கே அதிகாரிகிட்ட சொல்லியாகணும். சொன்னா, அந்த ஆள் உஷாராகறதுக்குள்ள தூக்கிடுவாங்க. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் நான் கெஞ்சினேன். 'அண்ணி, வாயை மூடிட்டு இருங்க. அந்த மனுஷன் தப்பிச்சு எங்கயாவது போகட்டும். ஒரே ஒரு புண்ணியம் பண்ணுங்க.'

வீட்டுல அண்ணன் கேட்டுட்டு எழுந்து வாசக் கதவைச் சாத்தினான். 'அவன் ஓடிப்போனா, எப்படித் தெரிஞ்சுதுன்னு தோண்ட மாட்டாங்களா? உன்னைத்தான் உள்ள வைப்பாங்க. பிள்ளைங்களை நினைச்சுப் பாரு.'

'நாமளும் உப்பு போட்டுத்தான சாப்பிடறோம்'னு நான் கத்தினேன். ரெண்டு பேரும் என்னைப் பாக்கல. அண்ணி மூஞ்சியைக் கழுவிட்டு, செருப்பை மாட்டிட்டு, திரும்ப ஆபீஸுக்குப் போனாங்க. மறுநாள் விடிஞ்சப்ப அந்தப் பத்திரிகைக்காரர் அவர் வீட்டுல இல்ல. எந்த ஸ்டேஷன்லயும் இல்லைன்னே சொன்னாங்க.

அதுக்கப்புறம் நான் அண்ணிகிட்ட முகம் குடுத்துப் பேசல. அதே வீட்டுல, அவங்க சம்பளத்துல வாங்கின அரிசியைத் தின்னுக்கிட்டு. வெக்கம் கெட்டவ நான், வேற என்ன சொல்றது.

ஒரு நாள் சாயங்காலம் ஆபீஸ்ல இருந்து வந்தவங்க பையைக்கூட வைக்காம என் மெஷின் பக்கத்துல தரையில உக்காந்தாங்க. நான் மிதிக்கிறதை நிறுத்தல. அவங்களாப் பேச ஆரம்பிச்சாங்க.

அன்னிக்குக் காலையில அதிகாரி கூப்பிட்டு ஒரு குரலைப் போட்டுக் காட்டி, இது அந்தப் பத்திரிகைக்காரர் குரல்தானான்னு கேட்டாராம். முந்தின நாள்தான் விசாரணையில பதிவு பண்ணினதாம். ஆமாங்கன்னு சொல்லிட்டு அண்ணி சீட்டுக்கு வந்திருக்காங்க. மத்தியானம் அந்தப் பொண்ணு வீட்டுல ஃபோனை எடுத்துச்சு. நம்பர் எதுவும் போடல, ஒட்டுக்கேக்குற அண்ணிகிட்டயே நேராப் பேசுச்சு.

'அக்கா, நீங்க இருக்கீங்கன்னு தெரியும். உங்க மேல கோவமில்ல. எப்பவாவது லைன்ல டக்குனு ஒரு சத்தம் வரும்ல, அது நீங்கதான? அவரு உயிரோட இருந்தா அதை ஒரு தடவை பண்ணுங்க. வேற எதுவும் கேக்கல.'

லைனை மாத்துற பட்டனை அமுக்கினா வர்ற சத்தம் அது. பட்டன் மேல விரலை வெச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்னாங்க அண்ணி. ஆனா எல்லாமே பதிவாகும், தடுப்புக்கு அந்தப் பக்கம் சூப்பர்வைசர் வேற நடந்துட்டிருந்தார்.

மெஷின் எப்ப நின்னுச்சுன்னு எனக்கே தெரியல. 'அமுக்கலையா?'ன்னு கேட்டேன்.

இல்லைன்னு தலையாட்டினாங்க.

அந்தப் பொண்ணு ரொம்ப நேரம் ரிசீவரைக் காதுல வெச்சுக்கிட்டே இருந்துச்சாம். அப்புறம் 'சரிக்கா'ன்னுச்சு. ரிசீவரைச் சரியா வைக்காம, 'மாமா, உங்க பிள்ளை போயிட்டாருங்க மாமா'ன்னு உள்ள பாத்துச் சொல்லுச்சு. உயிரோட இருக்குற மனுஷனுக்காக அந்த வீடே அழுததைக் கடைசி வரைக்கும் கேட்டு, டைப் அடிச்சுக் குடுத்துட்டுத்தான் அண்ணி வீட்டுக்கு வந்திருந்தாங்க.